கதவடைப்பு வருமென்றால் ஒப்பந்தத்துக்கு என்ன விலை?

கேள்வி: கோவையில் விளையாட்டு மேலாண்மை முதுகலை படிக்கிறேன். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் என்ன மதிப்பு என்று கணக்கிடுவதுதான் என் ஆய்வேடு. உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் தகராறு முற்றி, கதவடைப்பு (உடன்பாடு வரும்வரை உரிமையாளர்களே ஆட்டத்தை நிறுத்திவைப்பது) வரும் என்ற நிலை இருந்தால் எல்லா ஒப்பந்தங்களின் மதிப்பிலும் 20 சதவீதம் கழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். 2011 கதவடைப்பில் 82 ஆட்டங்கள் 66 ஆகக் குறைந்ததை அதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கிறேன். புதிய உடன்பாடு கையெழுத்தானதும் விளைவு தீர்ந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறேன். கணக்கு அட்டவணையை இணைத்திருக்கிறேன். என் வழிகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை, காரணமும் சொல்லவில்லை. நான் செய்வது சரியா? 2028-29 வாக்கில் மறுபடியும் கதவடைப்பு வருமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இந்த வழக்கில் நான் உங்கள் வழிகாட்டியின் கட்சி. காரணத்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. ஊதியத் தகராறுகளில் சங்கங்களுக்கும் நிர்வாகங்களுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். கூடைப்பந்து பார்ப்பது பழக்கம். இரண்டையும் ஒன்றாகப் பேச வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கிறது. ஆகவே பதில் சற்று நீளும்.

முதலில் உங்கள் 20 சதவீதம். 82இல் 16 ஆட்டங்கள் போயின. வீரர்களின் அந்த ஆண்டுச் சம்பளத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கணக்கு சரிதான். ஆனால் அது வீரர் இழந்த பணம். அணியின் பேரேட்டில் அதே தொகை மிச்சம் என்று ஏறும். ஒப்பந்தத்தை வாங்குகிற அணிக்கு வீரர் ஆடும் ஆட்டமும் குறைகிறது, அவருக்குக் கொடுக்க வேண்டிய பணமும் குறைகிறது. அப்படியிருக்க மதிப்பை மட்டும் எப்படிக் கழிப்பது? தகுதிக்கு மேல் சம்பளம் வாங்கும் வயதான வீரரை எடுத்துக்கொண்டால், அவருடைய ஒப்பந்தத்தின் சுமை அந்த ஓராண்டில் கொஞ்சம் இலேசாகவே ஆகிறது. நீங்கள் எல்லோருக்கும் ஒரே கத்தரி போட்டிருக்கிறீர்கள். கதவடைப்பு அச்சம் அப்படி வேலை செய்வதில்லை. அது சில ஒப்பந்தங்களின் விலையை ஏற்றுகிறது, சிலவற்றைக் கவிழ்க்கிறது. ஒரே ஒப்பந்தத்துக்குக் கூட, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விலை உண்டாக்குகிறது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். என்.பி.ஏ.வில் வீரருக்கு எழுதிக்கொடுத்த சம்பளம் பெரும்பாலும் உறுதியானது; காயம்பட்டாலும் ஃபார்ம் போனாலும் கொடுத்தாக வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2010-11இல் அது 5.8 கோடி டாலர். விதிவிலக்குகளைப் பயன்படுத்தி அதைத் தாண்டலாம், ஆனால் 7.03 கோடியைத் தாண்டினால், கூடுதலாகச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு டாலர் ஆடம்பர வரி. வரம்பைத் தாண்டிய அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆகவே அங்கே கைமாறுவது ஆள் மட்டுமில்லை. ஆளும், ஆண்டுகளும், தொகையும் சேர்ந்த ஒரு பொட்டலம். இந்த விதிகள் எல்லாம் இருப்பது உரிமையாளர்களும் சங்கமும் செய்துகொண்ட கூட்டுப் பேர ஒப்பந்தத்தில். அது காலாவதியாகும் தேதிக்கு அப்பாலும் ஓடுகிற ஒரு வீரரின் ஒப்பந்தம், எந்த விதியின்கீழ் எண்ணப்படும் என்று கையெழுத்திட்ட இரு தரப்புக்குமே தெரியாது.

அப்படிப்பட்ட தேதிதான் 2011 ஜூன் 30. முந்தைய பருவத்தில் சுமார் 30 கோடி டாலர் நஷ்டம், 30 அணிகளில் 22 அணிகளுக்குக் கையைக் கடிக்கிறது என்று அப்போதைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தரப்பு சொல்லிவந்தது. லீக்கின் கூடைப்பந்து வருமானத்தில் வீரர்களுக்கு 57 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பெருமளவு குறைக்க வேண்டும், உச்சவரம்பு எந்த விதிவிலக்கும் இல்லாமல் கறாராக இருக்க வேண்டும், நீண்ட ஒப்பந்தங்கள் கூடாது என்பது கோரிக்கை. ஏற்கெனவே எழுதிய சம்பளங்களையும் வெட்ட வேண்டும் என்றுகூடத் தொடக்கத்தில் பேச்சு இருந்தது. சங்கம் மறுத்தது. ஜூலை 1 அன்று கதவு சாத்தப்பட்டது. நவம்பர் 26 அன்று உடன்பாடு வந்து, கிறிஸ்துமஸ் நாளில்தான் பந்து தரையைத் தொட்டது.

உங்கள் ஆய்வுக்குச் சோறு போடும் காலம் கதவடைப்பு நடந்த அந்த ஐந்து மாதங்கள் அல்ல. அப்போது யாரும் யாரையும் மாற்றிக்கொள்ள முடியாது. அதற்கு முந்தைய பிப்ரவரியைப் பாருங்கள். பருவத்தின் வீரர் மாற்றத்துக்குக் கடைசி நாள் 2011 பிப்ரவரி 24. எல்லோருக்கும் புயல் தெரிகிறது. எங்கே கரை கடக்கும் என்பதுதான் தெரியவில்லை. பயத்துக்கு என்ன விலை என்பது அந்த வாரத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பேரன் டேவிஸ் பேரத்தைப் பிரித்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியில் இருந்த அவருக்கு அந்தப் பருவத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டு பாக்கி, ஏறக்குறைய 2.9 கோடி டாலர். கிளிப்பர்ஸ் அவரை கிளீவ்லாந்து கேவலியர்ஸுக்கு அனுப்பி மோ வில்லியம்ஸ், ஜமாரியோ மூன் இருவரையும் எடுத்துக்கொண்டது. வில்லியம்ஸுக்கும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது, ஆண்டுக்கு 85 லட்சம். மூனின் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு சரி. ஆகவே மொத்தமாக மிச்சப்பட்டது ஒரு கோடிக்குச் சற்று மேல். அந்த ஒரு கோடிக்காக, 2011 டிராஃப்டில் (புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு அது; முன்வரிசை குலுக்கலில் முடிவாகும்) தனக்கிருந்த முதல் சுற்றுத் தேர்வு உரிமையை, முன்னிடம் விழுந்தால் தனக்கே என்பது போன்ற எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் வைக்காமல் கூடவே கொடுத்துவிட்டது. அந்த உரிமை குலுக்கலில் முதலிடத்துக்கு வர வாய்ப்பு 2.8 சதவீதம்தான். வந்தது. கிளீவ்லாந்து எடுத்த வீரர் கைரி இர்விங். 2016 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையைத் தீர்மானித்த அந்த மூன்று புள்ளி வீச்சு அவருடையது.

இதை வைத்து கிளிப்பர்ஸைக் கேலி செய்வது சுலபம், செய்யாதவர் இல்லை. நடந்த பிறகு யாரும் சோதிடர் ஆகலாம். அந்த நாளில் அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கறார் உச்சவரம்பு வந்தால் டேவிஸின் ஆண்டுச் சம்பளமான சுமார் 1.4 கோடி, அணியின் மொத்த இடத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். இளம் நட்சத்திரம் பிளேக் கிரிஃபினைச் சுற்றி அணி கட்ட இடமே இருக்காது. இன்னொரு பக்கம், கையில் இருந்த தேர்வு உரிமையின் மதிப்பும் அதே தகராறால் சரிந்திருந்தது. அந்த ஆண்டு டிராஃப்ட் சோனி என்பது பரவலான கணிப்பு. கதவடைப்பு வரும் என்றால் நல்ல கல்லூரி வீரர்கள் படிப்பைத் தொடர்ந்துவிடுவார்கள் என்றும் பேச்சு. பிறகு ஹாரிசன் பார்ன்ஸ், ஜாரட் சலிங்கர் போன்றவர்கள் உண்மையிலேயே கல்லூரிக்குத் திரும்பினார்கள். ஆக, தட்டில் வைத்த பொருள், எடைக்கல் இரண்டின் எடையையும் ஒரே தகராறு மாற்றியிருக்கிறது. உங்கள் அட்டவணை ஒப்பந்தத்தில் மட்டும் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டு, எதிரே வைக்கும் தேர்வு உரிமையைப் பழைய விலையிலேயே விட்டிருக்கிறது. கணக்கு அங்கே இடிக்கிறது.

கிளீவ்லாந்து ஏன் வாங்கியது என்பது இதைவிடச் சுவையானது. நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் விட்டுப்போன முதல் பருவம்; தொடர்ந்து 26 தோல்விகள். (அந்தத் தொடர் முடிந்தது பிப்ரவரி 11 அன்று, இதே கிளிப்பர்ஸைக் கூடுதல் நேரத்தில் வென்று.) அப்படிப்பட்ட அணிக்கு உச்சவரம்பில் இடம் காலியாக இருந்து என்ன பயன்? பெரிய வீரர் யாரும் அங்கே வரப்போவதில்லை. அவர்களுக்கு அந்த இடத்தின் விலை குறைவு, கிளிப்பர்ஸுக்கு அதே இடத்தின் விலை அதிகம். உரிமையாளர் டான் கில்பர்ட்டுக்குப் பணம் ஒரு பிரச்சினை இல்லை. நிச்சயமின்மையைத் தாங்கக்கூடியவர், தாங்க முடியாதவரிடம் கூலி வாங்கிக்கொண்டு அதைச் சுமந்தார். கதவடைப்புக் காலச் சந்தையின் சாரமே இதுதான். எத்தனை பேரங்களைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் இதுவே கிடக்கிறது.

டிசம்பரில் புதிய ஒப்பந்தம் வந்தபோது கறார் உச்சவரம்பு வரவில்லை. வரம்பு அதே 5.8 கோடியில் நின்றது; வருமானப் பங்குதான் 49 முதல் 51 சதவீதத்துக்குள் இறங்கியது. கூடவே ஒரு பொதுமன்னிப்புப் பிரிவு வந்தது. ஒவ்வோர் அணியும் ஒரே ஒரு வீரரை விடுவிக்கலாம். சம்பளத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் உச்சவரம்புக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் அது ஏறாது. கிளீவ்லாந்து பேரன் டேவிஸை அப்படி விடுவித்தது. கிளிப்பர்ஸ் எதற்குப் பயந்து தேர்வு உரிமையைக் கொடுத்ததோ அந்தச் சுமை கடைசியில் உரிமையாளரின் காசோலையாக மட்டும் மிஞ்சியது. இப்படி ஒரு பிரிவு வரும் என்று கிளீவ்லாந்து முன்கூட்டியே அறிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்மாதிரி இருந்தது. 2005 ஒப்பந்தத்திலும் ஒருமுறை மன்னிப்பு கொடுத்தார்கள், வரிக்கு மட்டும். நியூயார்க் நிக்ஸ் வீரர் ஆலன் ஹூஸ்டனின் பெயராலேயே அந்த விதி அழைக்கப்பட்டது. நிக்ஸ் அதைப் பயன்படுத்தியதோ ஜெரோம் வில்லியம்ஸ் மீது! உரிமையாளர்கள் தகராறுக்குப் போவதே தங்களைத் தங்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகச் சொல்வோம். தாங்களே எழுதிக்கொடுத்த மோசமான ஒப்பந்தங்களிலிருந்து தப்ப ஒரு பின்கதவு வைத்துக்கொள்ளாமல் அவர்கள் முன்கதவைத் திறப்பதில்லை.

இந்தப் பிரிவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆய்வேட்டில் இதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 2011 ஜூலை 1 அன்று எந்த அணியிடம் அந்த ஒப்பந்தம் இருந்ததோ அந்த அணி மட்டுமே மன்னிப்பைப் பயன்படுத்தலாம். பிப்ரவரியில் கைமாறிய டேவிஸை கிளீவ்லாந்து விடுவிக்க முடிந்தது. அதே டேவிஸ் 2012 ஜனவரியில் கைமாறியிருந்தால் வாங்கிய அணிக்கு அந்த உரிமை கிடையாது. ஒரே வீரர், அதே சம்பளம், அதே ஆண்டுகள். பழைய வீட்டில் இருந்தால் அழிக்கக்கூடிய கடன், புது வீட்டுக்குப் போனால் அழிக்க முடியாத கடன். இரண்டு விலை என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஆர்லாண்டோ மேஜிக் கதையையும் பக்கத்தில் வையுங்கள். 2010 டிசம்பரில் ரஷார்ட் லூயிஸைக் கொடுத்து கில்பர்ட் அரீனாஸை வாங்கியது. ஓராண்டில் மன்னிப்புப் பிரிவின்கீழ் விடுவித்தது. கணக்குப் புத்தகம் சுத்தமாயிற்று, ஆனால் அரீனாஸுக்குப் பாக்கியிருந்த 6 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை உரிமையாளரின் கையிலிருந்துதான் போயிற்று. உச்சவரம்புச் சுமை வேறு, ரொக்கச் சுமை வேறு. உங்கள் அட்டவணையில் இரண்டும் ஒரே பத்தியில் கிடக்கின்றன.

இனி எதிர்ப்பக்கம், தகராறு விலையை ஏற்றிவிட்ட கதை. கார்மெலோ ஆண்டனி டென்வரை விட்டு நியூயார்க் போக விரும்பினார். கோடைவரை காத்திருந்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சுதந்திரமாகவே போகலாம். நிக்ஸும் எதையும் கொடுக்காமல் அவரைப் பெறலாம். ஆனால் கோடையில் கதவு சாத்தியிருக்கும். திறக்கும்போது உச்சச் சம்பளம் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. பழைய விதிகளின்கீழ் மூன்றாண்டு நீட்டிப்பு, 6.5 கோடி டாலர், இப்போதே கையெழுத்துப் போடக் கிடைக்கிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள நினைத்தார் ஆண்டனி. யார் குறை சொல்ல முடியும்? அந்த அவசரத்தின் பலனை அறுவடை செய்தது டென்வர். பிப்ரவரி 22 அன்று முடிந்த பேரத்தில் டனிலோ கலினாரி, வில்சன் சாண்ட்லர், ரேமண்ட் ஃபெல்டன், டிமோஃபே மோஸ்கோவ், 2014ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமை, அதற்கு மேல் 30 லட்சம் டாலர் ரொக்கம் எல்லாம் கிடைத்தன. விட்டுப்போகப் போகிறேன் என்று வெளிப்படையாகத் தெரிவித்துவிட்ட வீரருக்கு இவ்வளவு விலை கிடைப்பது அபூர்வம். கதவடைப்பு அச்சம் இல்லாதிருந்தால் நிக்ஸ் பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம். பாதி விலையில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அதே பேரத்தில் ஆண்டனியோடு வந்தவர் சான்சி பிலப்ஸ். 2011-12க்கு அவர் சம்பளம் 1.42 கோடி. டிசம்பரில் நிக்ஸ் தனது ஒரே மன்னிப்பை அவர்மீது செலவழித்து, டைசன் சாண்ட்லரைக் கொண்டுவர இடம் உண்டாக்கியது. விடுவிக்கப்பட்ட பிலப்ஸை 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல் ஏலம் கேட்டு எடுத்த அணி எது தெரியுமா? கிளிப்பர்ஸ்.

ஆண்டனி பேரத்துக்கு அடுத்த நாள், 2011 பிப்ரவரி 23 அன்று, யூட்டா ஜாஸ் டெரன் வில்லியம்ஸை நியூ ஜெர்சி நெட்ஸுக்குக் கொடுத்தது. அவர் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது, போகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை. டென்வர் மாதக்கணக்கில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்கள். அவர்கள் வாங்கியதைக் கவனியுங்கள்: டெரிக் ஃபேவர்ஸ், டெவின் ஹாரிஸ், இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள். ஃபேவர்ஸ் முந்தைய டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்ட புதுமுகம். புதுமுகச் சம்பளம் அட்டவணைப்படி நிர்ணயமானது, சிறியது. எந்த விதி வந்தாலும் அணியின் கழுத்தை நெரிக்காது. தகராறு நெருங்கும்போது இந்த வகை ஒப்பந்தங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. உங்கள் 20 சதவீதம் இவற்றையும் வெட்டுகிறது என்பது எனக்கு மிகவும் உறுத்திய இடம்.

புதிய கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் விளைவு தீர்ந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதன் கடுமையான பகுதி அப்போதுதான் நடைபோடத் தொடங்கியது. 2011இல் ஒப்புக்கொண்ட புதிய ஆடம்பர வரி உடனே வரவில்லை. 2013-14 பருவத்திலிருந்துதான் அமல். முதல் 50 லட்சம் டாலர் மீறலுக்கு டாலருக்கு ஒன்றரை, அடுத்த 50 லட்சத்துக்கு ஒன்றே முக்கால், பிறகு இரண்டரை, மூன்றேகால் என்று ஏணி. தொடர்ந்து மீறுகிறவர்களுக்கு அதற்கு மேல் தண்டனை. சந்தை அந்தத் தேதிக்கு முன்பே அசைந்தது. 2012 அக்டோபரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர், இறுதிப் போட்டிவரை போன அணியைக் கலைத்து, ஜேம்ஸ் ஹார்டனை ஹியூஸ்டனுக்குக் கொடுத்தது. ஹார்டன் கேட்ட உச்சச் சம்பளத்துக்கும் அணி சொன்ன தொகைக்கும் வித்தியாசம் பெரிதில்லை. அதன்மேல் ஏறப்போகும் வரிதான் பெரிது. 2013 ஜனவரியில் மெம்பிஸ் அணி மூன்று வீரர்களையும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து ஒரே ஒரு வீரரைப் பெற்றது. வரிக்கோட்டுக்குக் கீழே இறங்குவது மட்டுமே நோக்கம்.

ஓக்லஹோமா கதையில் நான் விட மனமில்லாத ஒன்று உண்டு. அந்த அணி 2011 பிப்ரவரி 24 அன்று பாஸ்டனிடமிருந்து கென்ட்ரிக் பெர்கின்ஸை வாங்கி, சில நாட்களில் நான்காண்டு நீட்டிப்புக் கொடுத்தது, சுமார் 3.5 கோடி டாலருக்கு. பாஸ்டன் சொன்ன சுமார் 2.2 கோடியை அவர் முன்பே மறுத்திருந்தார். ஜூலை 1க்கு முந்தைய ஒப்பந்தம் என்பதால் மன்னிப்புப் பிரிவின்கீழ் பெர்கின்ஸை விடுவிக்க அணிக்கு முழு உரிமை இருந்தது. விடுவித்திருந்தால் ஹார்டனை வைத்துக்கொள்ள இடம் கிடைத்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; நானும் அந்தக் கட்சிதான். விடுவித்தவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் தடை. ரொக்கக் கணக்கு ஜெயித்தது. கதவடைப்புக்கு முன் பிறந்த ஓர் ஒப்பந்தம், பயன்படுத்தாமல் விட்ட ஓர் உரிமை, இரண்டு ஆண்டு தள்ளி வந்த ஒரு வரி. இந்த மூன்றும் சந்தித்த இடத்தில் ஒரு நல்ல அணி உடைந்தது. ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல அத்தியாயம் நான் தேடித்தர முடியாது.

தகராறு எப்போதும் வீரர்கள் பயப்படும் திசையில்தான் வரும் என்றும் எண்ண வேண்டாம். பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வைப் பாருங்கள். பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தம் கைக்கு வந்த நிலையில், 2024 அக்டோபரில் வீராங்கனைகள் சங்கமே கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. சம்பளம் உயரப்போகிறது என்ற நம்பிக்கையில் மூத்த வீராங்கனைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் தங்கள் ஒப்பந்தங்கள் 2025 பருவத்தோடு முடியும்படி வைத்துக்கொண்டார்கள். ஆண்டனி பழைய விதியை இறுகப் பிடித்துக்கொண்டார். இவர்கள் பழைய விதியை உதறிவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தச் சந்தையில் நீண்ட ஒப்பந்தம் அணிக்குப் புதையல், வீராங்கனைக்கு விலங்கு. ஆகவே உங்கள் சூத்திரத்துக்கு முதலில் தேவை ஒரு திசைக்குறி: புதிய ஒப்பந்தம் சம்பளத்தை ஏற்றும் என்று சந்தை நினைக்கிறதா, இறக்கும் என்றா?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என்.பி.ஏ.வின் இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2029-30 வரை ஓடும். இரு தரப்பில் எவரும் 2028-29 பருவத்தோடு விலகிக்கொள்ளலாம். கதவடைப்பு வருமா? வாய்ப்பு குறைவு என்பது என் எண்ணம். 2025-26இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு ஏறக்குறைய 7,600 கோடி டாலர். பாஸ்டன் அணி 2025இல் 610 கோடிக்குக் கைமாறியது. லேக்கர்ஸ் அணியை 1,000 கோடி என்று மதிப்பிட்டு விற்றார்கள். 2011இல் பாடிய நஷ்டப் பாட்டை இந்த ஊரில் இப்போது பாட முடியாது. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புதிய உரிமையாளர்களுக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டும் என்ற அவசரம் இருக்கும். அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள்.

கதவடைப்பு இல்லாமலே ஒப்பந்தம் மதிப்பிழக்கலாம் என்பதற்கும் அண்மையில் சாட்சி கிடைத்தது. 2022 அக்டோபரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், ஜோர்டன் பூலுக்குக் குறைந்தது 12 கோடி டாலருக்கு மேல் நான்காண்டு நீட்டிப்புக் கொடுத்தது. 2023 ஏப்ரலில் புதிய கூட்டு ஒப்பந்தம் அமைதியாக முடிவாயிற்று. வரிக்கோட்டுக்கு மேல் 1.75 கோடியில் ஓர் இரண்டாம் எல்லை வந்தது. அதைத் தாண்டும் அணி பல வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு வீரரை வாங்க முடியாது, பேரத்தில் ரொக்கம் கொடுக்க முடியாது. இரண்டே மாதத்தில் பூல் வாஷிங்டனுக்குப் போகப் பேச்சு முடிந்தது. நிபந்தனையோடு கூடிய ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் கூடவே போயிற்று. வந்தவர் முப்பத்தெட்டு வயது கிறிஸ் பால். அவர் ஆட்டத்துக்காக மட்டும் வாங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். அவருடைய 2024-25 சம்பளமான 3 கோடி உறுதியளிக்கப்படாதது. ஓராண்டு வைத்திருந்து விடுவித்தார்கள். பேரன் டேவிஸ் பேரத்தின் தம்பி இது. சண்டையே நடக்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

ஆகவே ஆய்வேட்டில் அந்த 20 சதவீதப் பத்தியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் கூட்டு ஒப்பந்தம் முடியும் தேதியில் இரண்டாக வெட்டுங்கள். தேதிக்கு முந்தைய ஆண்டுகளை இன்றைய விதியில் கணக்கிடலாம். பிந்தைய ஆண்டுகளுக்கு ஒரே எண் போடாதீர்கள். விதி இறுகினால் ஒரு மதிப்பு, அப்படியே நின்றால் ஒன்று, மன்னிப்புப் போன்ற பின்கதவு திறந்தால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பது உங்கள் தீர்ப்பு. அதைத் தயங்காமல் எழுதி, காரணத்தையும் காட்டுங்கள். பிந்தைய ஆண்டில் ஒப்பந்தத்தைத் தொடர்வதா முடிப்பதா என்ற விருப்பத்தேர்வு யாருக்கு உண்டு, வீரருக்கா அணிக்கா, எவ்வளவு தொகை உறுதி என்பதைத் தனியே குறியுங்கள். வாங்கும் அணி, விற்கும் அணி இரண்டுக்கும் தனித்தனி விலை போடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் அங்கே பேரமே நடக்காது. 2025 கோடையில் எழுதிய ஐந்தாண்டு ஒப்பந்தங்கள் 2029-30இல் முடிகின்றன, அதாவது விலகல் தேதியைத் தாண்டி ஓராண்டு. அவற்றிலிருந்து தொடங்கினால் தரவு பழையதாகாது.

2011 பிப்ரவரியின் கடைசி வாரப் பேரங்களை இந்த முறையில் முதலில் போட்டுப் பாருங்கள். டேவிஸ் பேரத்தில் இரு அணிகளுக்கும் லாபம் தெரிகிறமாதிரி எண்கள் வந்தால் சூத்திரம் உருப்படி. வரவில்லை என்றால் எந்த வரியில் இடிக்கிறது என்று குறித்து, அட்டவணையோடு அனுப்புங்கள்; பார்த்துச் சொல்கிறேன்.